சலாபத்துக்கு முந்தைய சோதனை

மன்னார் வளைகுடாவில் சலாபம் என்று வழங்கப்பட்ட முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் தவறாமல் நடந்த தொழில் அன்று. கடலடியில் சிப்பி பற்றி வளரும் பாறைத் திட்டுகளாகிய பார்களை முன்கூட்டியே சோதித்து, அச்சோதனை சாதகமாக முடிந்தால் மட்டுமே அரசு சலாபத்தை அறிவித்தது. தூத்துக்குடிப் பகுதியில் 1830-க்குப் பின் 1860 வரையிலும், 1862-க்குப் பின் 1889 வரையிலும் சலாபம் நடைபெறாத இடைவெளிகள் நீண்டன. ஆகவே இக்கடற்கரையின் முத்து வரலாற்றில் மூழ்கி எடுத்த பருவங்களுக்கு உள்ள இடம், மூழ்கலாமா என்று ஆராய்ந்த பருவங்களுக்கும் உண்டு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன், மாசி முதல் சித்திரை வரையிலான நாட்களிலேயே கடல் அடங்கித் தெளிந்திருக்கும் என்பதால் சலாபம் அக்காலத்தில் நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே பார்களின் மேற்பார்வையாளர் குளியாளிகளுடன் படகேறித் தொளாயிரம் பார் போன்ற இடங்களுக்குச் சென்று, கல்லைக் கட்டிக் கீழிறங்கியவர்கள் அள்ளி வந்த சிப்பிகளின் அளவையும் வயதையும் அடர்த்தியையும் பார்த்தார். இளஞ்சிப்பியில் விலைபெறும் முத்து இராது. நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்த சிப்பியோ மேலும் சில பருவங்கள் விட்டுவைத்தால் தானே மடிந்துவிடும். எனவே பொறுத்திருப்பதும் அவசரப்படுவதும் ஒருசேர நட்டம் தரக்கூடியவையாக இருந்தன.

சிப்பி இருப்பது உறுதியானபின் முத்தின் மதிப்பைக் காண வேண்டியிருந்தது. ஒரு சிப்பியைத் திறந்து பார்த்து எதையும் சொல்ல இயலாது என்பதால், மாதிரிக்கென எடுத்த சிப்பிகளை எண்ணிக் குவித்து, சதை அழுகும்வரை விட்டு, நீர்விட்டுப் பலமுறை அலசி, புழுவும் ஓடும் போனபின் அடியில் தங்கிய மணலைக் காயவைத்து முத்துகளைப் பொறுக்கினர். பிறகு வெவ்வேறு அளவில் துளையிட்ட பத்துப் பித்தளைத் தட்டுகளில் அவற்றைச் சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, உருவமும் ஒளியும் நோக்கி ஆணி முதலாகத் தரம் கண்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்பிட்டனர். சலாபத்தில் குளியாளிகளின் மூன்றில் ஒரு பங்கு போக எஞ்சிய அரசின் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டமையால், வெளியூர் வணிகர்கள் புறப்பட்டு வருவதற்கு இம்மதிப்பீடே ஆதாரமாக இருந்தது.

இத்தனை கவனத்துக்குப் பின்னரும் சோதனை பொய்த்ததுண்டு. மழைக்காலத்துக்கு முன் செழித்துக் கிடந்த சிப்பிப் படுகை, பருவம் தொடங்கும்போது இல்லாமற் போவது இக்கடலில் புதிதல்ல. நீரோட்டம், மணல் மூடுதல், திருக்கை போன்ற மீன்கள் தின்றுவிடுதல், சூரன் எனப்படும் மட்டி இனம் இளஞ்சிப்பிகள் மேல் படர்ந்து அவற்றை அழித்தல் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. எட்கர் தர்ஸ்டன் 1890-இல் வெளியிட்ட குறிப்புகளும், ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கையும் இச்சிக்கல்களை ஆராய்ந்தன. ஒரு நாளில் ஓரிடத்தில் கண்டதைக் கொண்டு வேறொரு நாளைத் தீர்மானிக்க முடியாது என்பதை உணர்ந்தே, பருவம் நெருங்கும்போது பார்கள் மறுபடியும் பார்வையிடப்பட்டன.

அக்காலச் சோதனை கடலடியையே நோக்கியது. மூழ்குபவரின் பாதுகாப்பு அதன் வரம்புக்குள் வரவில்லை. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டியிடமே அப்பொறுப்பு விடப்பட்டிருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த இறுதிச் சலாபங்களின் காலத்தில், காற்றுக்கலத்தை முதுகில் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறை வந்தபின், ஆய்வாளர்களே பார்களில் இறங்கி நேரில் கண்டு பதிவுசெய்யத் தொடங்கினர். அதன்பின் பார்களில் போதிய விளைச்சல் காணப்படாமையால் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி தலைமையிலான குழு 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியதோடு ஆய்வு வேறு திசையில் திரும்பியது.

இன்று ஆழ்கடலில் மனிதரை இறக்கும் முயற்சிகளிலோ, சோதனைக்கு உள்ளாவது கலமும் அதனுள் இருக்கும் மனிதருமே. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த மத்ஸ்யா 6000 என்னும் நீர்மூழ்கிக் கலம், 2025 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டு, அதன் மிதப்பும் நிலைத்தன்மையும் மின்வழங்கலும் உள்ளிருப்போரின் உயிர்காப்பு ஏற்பாடுகளும் சோதிக்கப்பட்டன. ஆயினும் துறைமுகத்தின் ஆழமற்ற நீரில் தேறிய கலம், 6,000 மீட்டரில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் என்று அதனாலேயே முடிவுகட்ட இயலாது. படிப்படியாக ஆழத்தைக் கூட்டி மீண்டும் மீண்டும் சோதிக்கும் இன்றைய நடைமுறையும், ஒருமுறை பார்த்த பாரை மறுமுறையும் பார்த்த பழைய நடைமுறையும் ஒரே எச்சரிக்கையிலிருந்து பிறந்தவை: சோதனையின் சான்று, சோதித்த இடத்துக்கும் நேரத்துக்கும் அப்பால் தானாகச் செல்லுபடியாவதில்லை.