வியர்வையும் வேர்வையும்: ஒரு சொல்லின் வரலாறு

வெயிலாலோ உழைப்பாலோ அச்சத்தாலோ தோலில் கசியும் நீரைத் தமிழர் வியர்வை என்று எழுதுகின்றனர்; பேச்சில் பெரும்பாலும் வேர்வை என்கின்றனர். எழுதப்படும் வடிவமே திருத்தமானது, பேசப்படுவது கொச்சை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பழைய நூல்களின் சான்று இந்த எண்ணத்துக்கு எதிராகவே நிற்கிறது.

இச்சொல்லின் பகுதி வியர். பழந்தமிழில் இது தனியே நின்று பெயராகவும் வழங்கியது. வியர்ப்பு, வியர்வு ஆகியவை இதிலிருந்து பிறந்தன. விலை என்பது பேச்சில் வெலை என்றும், இலை எலை என்றும் ஒலிப்பது போல வியர் என்பதற்கு வெயர் என்ற இணை வடிவம் உண்டு. பெயர் என்பது பேர் எனக் குறுகிய அதே வழியில் வெயர் வேர் ஆயிற்று. இக்குறுக்கம் பிற்காலத்தது அன்று. கரிகாற்சோழனைப் பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், வறுமையுற்ற பொருநன் உடுத்திருந்த கந்தல் பேசப்படுகிறது. ஈரும் பேனும் குடியேறிய அத்துணி, வேறு நூல் நுழைத்துத் தைக்கப்பட்டது, வேரால் நனைந்தது. அங்கு வேர் என்பதன் பொருள் வியர்வையே. ஆகவே, இன்று கொச்சை எனத் தள்ளப்படும் வடிவத்தின் அடிச்சொல் பத்துப்பாட்டிலேயே இடம்பெற்றது.

வேர்வை என்ற பெயரின் ஆக்கமும் ஒழுங்கானது. பார் – பார்த்தான் – பார்வை, போர் – போர்த்தான் – போர்வை, சேர் – சேர்த்தான் – சேர்வை என்ற வரிசையில் வேர் – வேர்த்தான் – வேர்வை இயல்பாக அமைகிறது. பார்த்து என்பது பேச்சில் பாத்து ஆவது போல் வேர்த்து என்பதும் வேத்து ஆகிறது. 'வேத்துக் கொட்டுது' என்ற வழக்கு அப்படி வந்தது.

வடிவத்தைவிட வாக்கிய அமைப்பில் நேர்ந்த மாற்றம் பெரிது. குறுந்தொகையின் 84ஆம் பாட்டில் மோசிகீரனார் ஒரு செவிலித்தாயைப் பேச வைக்கிறார். மகளை ஒருமுறை தழுவியவள் மீண்டும் தழுவுகிறாள். மகளோ தனக்கு வியர்க்கிறது என்று விலகுகிறாள். அவள் காதலனோடு சென்றுவிட்ட பிறகே அந்த விலகலின் காரணம் செவிலிக்கு விளங்குகிறது. அங்கே மகள் சொல்லும் வினை 'வியர்த்தனென்' என்ற தன்மை முற்று, வியர்ப்பவளே எழுவாய். இன்றைய தமிழில் இந்த இடத்தில் 'எனக்கு வியர்த்தது' என்பதே இயல்பு. பசித்தல் போன்ற உடல் உணர்ச்சிகளைச் சொல்லும் வினைகளோடு இதுவும் நான்காம் வேற்றுமைக்குப் பெயர்ந்துவிட்டது. முகம் வியர்த்தது, நெற்றி வியர்த்தது என உறுப்பை எழுவாயாக்கும் அமைப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றாகவே நிற்கிறது.

பொருளும் உடலோடு நிற்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் பட்டியலில் வியர்த்தல் பொறாமையை அடுத்து வருகிறது. காதலின் தொடக்கக் குறிகளுள் ஒன்றாக நெற்றி வியர்த்தலும் அதே இயலில் சொல்லப்படுகிறது. திருக்குறளில் இவ்விரு போக்குகளும் இரு வடிவங்களாகவே பிரிந்து காண்கின்றன. காலமறிதல் அதிகாரத்தில் 487ஆம் குறள், அறிவுடையார் பகைவர்மேல் கொண்ட சினத்தை உடனே வெளிக்காட்டாமல் காலம் நோக்கி உள்ளே வைத்திருப்பதைச் சொல்ல வேர்த்தல் என்ற வினையை ஆள்கிறது. 1328ஆம் குறளில் கூடலின்போது நெற்றியில் அரும்பும் நீருக்கு வெயர்த்தல் வருகிறது. சினப்பொருள் இன்றைய வழக்கில் இல்லை.

உறவு மொழிகளில் மலையாளம் வியர்ப்பு என்றும், கன்னடம் பெவரு என்றும், துளு பெகர் என்றும் வழங்குகின்றன. கன்னடத்திலும் துளுவிலும் சொல்லின் முதல் ஒலி மெலிந்த பகரம். தமிழின் வெள்ளி கன்னடத்தில் பெள்ளி ஆகும் அதே வகரப் பகரத் திரிபு இது. தெலுங்கின் அன்றாடச் சொல்லான செமட இவற்றோடு ஒலியில் ஒட்டவில்லை. மரத்தின் வேரும் வியர்வையைக் குறித்த வேரும் ஒரே சொல்லோ என்ற ஐயத்தையும் கன்னடம் தீர்த்துவிடுகிறது. அங்கு மரத்தின் வேர் பேரு, வியர்வை பெவரு, இரண்டும் கலக்கவில்லை. தமிழில் குறுக்கத்தால் நேர்ந்த ஒலி ஒற்றுமை மட்டுமே அது.

வேர் என்ற பழம்பெயர் தனியே நிற்கும் வழக்கு மறைந்தாலும் வேர்க்குரு என்ற தொகையில் பிழைத்திருக்கிறது. குரு என்பது இங்குச் சிறு கொப்புளம். கோடையில் கழுத்திலும் முதுகிலும் சிவந்து அரிக்கும் அந்தக் கொப்புளங்களின் பெயரில் வேர் என்பது வியர்வையே. வேர்த்து விறுவிறுத்து, குப்பென்று வேர்த்தது என்ற தொடர்களும் குறுகிய வடிவத்தையே பற்றியுள்ளன. வியர்வைச் சுரப்பி முதலிய பாடநூல் கலைச்சொற்கள் நீண்ட வடிவத்தை ஏற்றன. உழைப்பைப் பேசும் மேடையும் கவிதையும் இரண்டையும் ஆள்கின்றன.