பாறை கடத்தும் சேதி

தென்காசிப் பக்கம் நிலநடுக்கம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "நம்ம ஊர்ல அதெல்லாம் வராதுல்லா, அடியில பூரா பாறை." கீழப்பாவூரில் கிணறு வெட்டியவர்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். மண்வெட்டிக்கு வேலை முடிந்து வெடிமருந்துக்கு வேலை தொடங்குகிற ஆழம் அவர்களுக்கு அத்துப்படி.

பாறை இருப்பது உண்மைதான். தென்காசியை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்காகக் கடக்கும் அச்சன்கோவில் மண்டலத்துப் பாறைகள், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, முறுக்கப்பட்டவை. ஆனால் பாறை இருந்தால் ஆட்டம் இருக்காது என்பது சரியில்லை. பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறை நிலநடுக்க அலைக்கு நல்ல ரோடு. அதில் அலையின் சக்தி அதிகம் வீணாவதில்லை. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ்ஜில் பூமி அதிர்ந்தபோது சென்னையில் இருந்தவர்களும் அதை உணர்ந்தார்கள்.

இந்த ரோட்டை நம்ம ஊர்க்காரர்கள் தெரியாமலே அளந்திருக்கிறார்கள். கல்குவாரியில் வெடி வைக்கும்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் காலுக்கடியில் முதலில் மெல்லிய அதிர்வு வரும், அப்புறம்தான் 'டமார்'. காற்றில் ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. கெட்டிப் பாறையில் அதிர்வு விநாடிக்கு 5, 6 கிலோமீட்டர் ஓடுகிறது. அதிர்வு அரை விநாடிக்குள் வந்துவிடும், சத்தம் வந்துசேர ஆறு விநாடி ஆகும்.

இதே வேலையைக் கணக்கோடு செய்தவர் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட். 1849இல் டப்ளினுக்குப் பக்கத்துக் கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கவைத்தார். தூரத்தில் ஒரு கிண்ணத்தில் இருந்த பாதரசம் எப்போது சிலிர்க்கிறது என்று நேரம் குறித்தார். பூமி அதிர்வது அலையாகத்தான் என்றால் அதன் வேகத்தையும் அளக்க முடியணுமே என்பதுதான் அவர் யோசனை.

அதே டப்ளினில் 1858இல் பிறந்தவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அவருடைய அப்பா தாமஸ் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர். இந்திய நிலநடுக்கங்களுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே. மகன் 1879இல் அதே துறையில் சேர்ந்தார்.

1897 ஜூன் 12 மாலை, ஐந்தேகால் மணி வாக்கில், அசாமும் ஷில்லாங் பீடபூமியும் குலுங்கின. ரிக்டர் அளவில் 8ஐ ஒட்டிய அதிர்ச்சி. ஷில்லாங்கில் கல் கட்டடங்கள் குவியல்களாயின. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓல்டாம் நேரில் சுற்றிப் பார்த்து எழுதிய பெரிய அறிக்கை 1899இல் வெளியானது. தரையில் பதிந்து கிடந்த கற்கள், குழியின் ஓரம்கூட உடையாமல் மேலே தூக்கி எறியப்பட்டிருந்ததை அவர் கவனித்தார். அப்படியென்றால் அந்த இடத்தில் தரை புவியீர்ப்பையே மிஞ்சும் முடுக்கத்தில் எகிறியிருக்கிறது.

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்புக்கான தடயம் அசாமில் கிடைக்கவில்லை, இத்தாலியில் கிடைத்தது. அங்கே இருந்த அதிர்வுமானிகள் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த இந்த அதிர்ச்சியைப் பதிவு செய்திருந்தன. கோடுகளை வைத்துப் பார்த்தால் சேதி ஒரே மூச்சாக வரவில்லை. சுமார் பத்து, பதினோரு நிமிடத்தில் ஒரு சின்ன நடுக்கம். பத்தொன்பது நிமிடம் வாக்கில் இன்னொன்று. அரை மணி நேரம் கழித்து நீண்ட, பெரிய ஆட்டம்.

முதலாவது முதன்மை அலை. நிற்கிற ரயிலில் எஞ்சின் வந்து இடித்தால், அந்தத் தள்ளு பெட்டி பெட்டியாகக் கடைசிவரை போகுமே, அது மாதிரி. பாறைத் துகள்கள் அலை போகும் திசையிலேயே முன்னும் பின்னும் அசையும். இரண்டாவது குறுக்கலை. தேர்வடத்தின் ஒரு முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஓடுகிறதல்லவா, அது மாதிரி. இது முதன்மை அலையைவிட மெதுவானது. தவிர, திரவத்தில் போகாது. குளத்துத் தண்ணீரை அமுக்கலாம், முறுக்க முடியாது. மூன்றாவது அலை பூமியின் தோலோடு ஒட்டி வருவது. மூன்றிலும் மெதுவானது இதுதான், பெரும்பாலும் சேதம் அதிகம் செய்வதும் இதுதான்.

1900இல் ஓல்டாம் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டினார். 1906இல் அடுத்த படி ஏறினார். வெகுதூரத்தில் உள்ள கருவிகளுக்கு அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வந்துசேர்ந்தன. நடுவில் ஏதோ ஒன்று அவற்றைத் தாமதப்படுத்துகிறது. பூமிக்கு வேறு பொருளாலான ஒரு கரு இருக்கிறது என்றார். அந்தக் கருவின் எல்லை சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று குட்டன்பெர்க் கணக்கிட்டது 1913இல். அது திரவம் என்று ஜெஃப்ரிஸ் காட்டியது 1926இல். அதற்குள்ளேயும் ஒரு உள்கரு உண்டு என்று இங்கே லேமன் சொன்னது 1936இல். யாரும் எட்டிப்பார்க்க முடியாத இடத்துக்கு, செத்தவர்களின் ஊரிலிருந்து கிளம்பிய அலைதான் வழி காட்டியது.

அசாம் அதிர்ச்சிக்குப் பிறகுதான் இந்தியாவிலும் கருவிகள் வந்தன. கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, நம்ம கொடைக்கானல் என்று ஜான் மில்ன் வடிவமைத்த அதிர்வுமானிகள் வைக்கப்பட்டன. கீழப்பாவூருக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். இங்கே பூமி குலுங்கினால் முதன்மை அலை 25 விநாடியில் அங்கே போகும். குறுக்கலை 42 விநாடியில். இடைவெளி 17 விநாடி. அந்த இடைவெளியை வைத்து, எவ்வளவு தூரத்தில் குலுங்கியது என்று சொல்லிவிடலாம். இப்படி மூன்று இடங்களிலிருந்து வட்டம் போட்டால் மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம்.

'வராதுல்லா' என்பதற்கு வரலாற்றின் பதில் இது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை ஒட்டி ஏற்பட்ட நடுக்கம் தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2000 டிசம்பர் 12 அன்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் ஈராட்டுப்பேட்டையை ஒட்டி ஒன்று. எல்லாவற்றிலும் கொடியது மகாராஷ்டிரத்தின் லாத்தூர். நம்மைப் போலவே 'அசையாத' தீபகற்பத்தில், 1993 செப்டம்பர் 30 விடியுமுன் வந்தது. அளவு 6.2தான். மண் சாந்தில் கல் அடுக்கிய கனமான வீடுகள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. சுமார் 10,000 பேர் போனார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அலை பாறையிலிருந்து இளகிய மண்ணுக்குள் நுழைந்தால் வேகம் குறையும், ஆட்டம் பெருகும். 1985இல் மெக்சிகோ நகரம் இடிந்தது அப்படித்தான். மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஆனால் நகரத்தின் பெரும்பகுதி நின்றது ஒரு பழைய ஏரிப் படுகையின் மேல். குளத்தைத் தூர்த்து பிளாட் போடும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 'அடியில பூரா பாறை' என்பது கிணற்று மேட்டுக்குப் பொருந்தலாம், குளத்து வண்டலுக்குப் பொருந்தாது.

2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை 6.28க்கும் 6.29க்கும் இடையில் சுமத்ரா அருகே கடலடி பிளந்தது. முதன்மை அலை சுமார் நான்கேகால் நிமிடத்தில் சென்னையை எட்டியது. தூக்கம் கலைந்து தெருவுக்கு வந்தவர்கள், கொஞ்ச நேரம் பேசிவிட்டு வீட்டுக்குள் போனார்கள். கடல் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007இல். அலைகள் வேறுவேறு வேகத்தில் வருகின்றன என்று ஓல்டாம் காட்டி அப்போது ஒரு நூற்றாண்டு தாண்டியிருந்தது. அன்று காலையும் பாறை தன் சேதியை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதை வாங்கி நாகப்பட்டினம் குப்பங்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.