மன அழுத்தமும் முடி உதிர்தலும்

கவலை, அதிர்ச்சி, பதற்றப் பழக்கம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் முடி இழப்பு மூன்று வகைப்படும். அவை தலை முழுவதும் பரவலாக உதிர்தல், புழுவெட்டு, தன் முடியைத் தானே பிடுங்குதல் என்பன.

மூன்றாம் வகைக்குப் பழைய சான்றுகள் உண்டு. துயரத்தால் நோயுற்றுத் தன் முடியைப் பிய்த்துக்கொண்ட தாசோஸ் தீவுப் பெண் ஒருத்தியைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் நூல் குறிப்பிடுகிறது. கணவனை இழந்த மகளிர் கூந்தல் களைந்ததைப் புறநானூற்றில் காணலாம். ஆனால் அது வழக்கம், நோயன்று. சமணத் துறவிகள் மயிரைக் கையாலேயே பறித்துக் களையும் நோன்பும் நோயன்று. சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவராகச் சொல்லப்படும் அப்பர் அதைத் தேவாரத்தில் எள்ளியிருக்கிறார். காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த குகைத்தளம் உண்டு. இத்தகைய குகைகள் சமணர் உறைவிடங்கள் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. அதே ஊரின் சண்முகநாதர் கோயிலில் இன்று பக்தர்கள் முடிகாணிக்கை செலுத்துகின்றனர். நோன்பும் நேர்த்திக்கடனும் விரும்பிச் செய்பவை. விடவேண்டும் என்று எண்ணியும் கை அடங்காமல் போவதுதான் நோய். இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் வகைப்பாடே குழம்பிவிடும்.

பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அலோப்போ 1889இல் இப்பழக்கத்துக்கு ‘டிரைக்கோட்டிலோமேனியா’ என்று பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1987இல் இதை உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனச்சுழற்சி நோயின் (OCD) குடும்பத்துக்கு மாற்றியது. அதுவே பொருத்தமான இடம். இப்பழக்கம் பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். பாடம் படிக்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் கை தன்னையறியாமல் தலைக்குப் போகும். பிடுங்கிய இடத்தில் முடி குட்டையும் நெட்டையுமாக அறுந்து நிற்கும். புழுவெட்டிலோ வட்டம் வழவழப்பாக இருக்கும். பிடுங்கியதை விழுங்குவோரும் உண்டு. 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில் 13 வயதுச் சிறுமியின் வயிற்றிலிருந்து சுமார் அரைக் கிலோ முடியும் காலி ஷாம்பு உறைகளும் அறுவை செய்து எடுக்கப்பட்டன. நெருங்கிய உறவினர் ஒருவரின் இறப்புக்குப் பிறகே அவள் அவற்றை விழுங்கத் தொடங்கியதாகச் செய்திகள் கூறின.

பரவலாக உதிரும் வகையில் காரணத்தைத் தேடுவோர் காலத்தைத் தவறவிடுகின்றனர். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து விழும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், குடும்பத்தில் சாவு போன்ற அதிர்ச்சி நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகிறது. அவை கொத்தாக விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதற்குள் நடந்தது மறந்துபோய், பழி தண்ணீர் மேலும் எண்ணெய் மேலும் விழுகிறது. சம்பை ஊற்றின் நன்னீரில் வளர்ந்த காரைக்குடிப் பிள்ளை சென்னைக்குப் படிக்கப் போய் முடி கொட்டினால், விடுதியின் உப்புத் தண்ணீரே குற்றவாளி. வீட்டைப் பிரிந்த ஏக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எலிகளில் மன அழுத்தச் சுரப்பு, மயிர்க்காலின் குருத்தணுக்களை ஓய்விலேயே நிறுத்திவைப்பதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021இல் காட்டினர். மூலகாரணம் நீங்கினால் இவ்வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கும்.

புழுவெட்டில் புழு இல்லை; உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குகிறது. மன அழுத்தம் அதைத் தூண்டக்கூடும். இதற்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நாட்டு வழக்கம்.

பிடுங்கும் பழக்கத்துக்கு அஸ்ரின், நன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வகுத்த பழக்க மாற்றுப் பயிற்சியே முதன்மைச் சிகிச்சை: கை எழும் தருணத்தை உணர்ந்து, விரல்களை மூடி வேறு வேலை கொடுப்பது. உதவி தேடுவோர் 14416 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.