வடக்குப் பாதையும் வாந்திபேதியும்

தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில் நிற்கும்போதெல்லாம், அவ்வழியே வந்திறங்கிய குழந்தைகளின் நினைவே எனக்கு முதலில் எழுகின்றது. பெரியவர்களைப் பற்றிக் கங்காணியின் கணக்கேடாவது சில செய்திகளைச் சொல்லும். இடுப்பில் தூக்கிவரப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதிவைத்தோர் மிகச் சிலரே.

1830களில் கண்டி மலைநாட்டிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிற்று. இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் ஏழை மக்கள் தோணியேறி மன்னார்க் கரையை அடைந்தனர். தலைமன்னார், வங்காலை, அரிப்பு ஆகியன அவர்கள் கால்பதித்த துறைகள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தை நடந்தே கடந்தனர். இதுவே ‘வடக்குப் பாதை’. வரண்ட காடு, ஆங்காங்கே கலங்கிய குளங்கள். குடிக்கவும் குளிக்கவும் கால்கழுவவும் அதே நீர்தான். ஒரு கூட்டம் விட்டுச்சென்ற வாந்திபேதியை அடுத்த கூட்டம் அள்ளிப் பருகிற்று.

1840களில் வந்தவர்களுள் 70,000 பேர், அதாவது கால்பங்கினர், மாண்டிருக்கலாம் என்று 1849இல் கொழும்பு ‘ஒப்சேவர்’ ஏடு மதிப்பிட்டது. இத்தொகை மிகையானது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உளர். தொகை எதுவாயினும், பாதையோரம் புதைக்கப்பட்டோர் பலர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

என்னை நெடுங்காலமாக வருத்திவந்த செய்தி வேறொன்று. வாந்திபேதியில் உயிரைப் பறிப்பது உடல் இழக்கும் நீரும் உப்புமே என்பது அந்தப் பாதையில் கோப்பித் தொழிலாளர் நடக்கத் தொடங்கியபோதே தெரிந்திருந்தது. 1831-32இல் ஓஷானசி என்ற இளம் மருத்துவர் நோயாளரின் இரத்தத்தைச் சோதித்து இதனைக் கண்டறிந்தார். 1832இல் தோமஸ் லற்றா ஸ்கொட்லாந்தில் உப்புநீரை நாளத்தினுள் செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆயினும் மருத்துவ உலகம் அதனைப் பெரிதும் கைவிட்டது. குருதி வாங்குவதும் பேதி மருந்து கொடுப்பதும் தொடர்ந்தன. நம் வீடுகளிலும், வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று அஞ்சி, தாகத்தால் அழும் வாயை மூடிவைத்தோம். அறியாமை அரண்மனைக்கும் குடிசைக்கும் பொதுவாக இருந்தது.

நோய் நீரால் பரவுகிறது என்பதை 1854இல் இலண்டனில் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டினார். அதற்குக் காரணமான கிருமியை 1884இல் கல்கத்தாவில் றொபேட் கொக் தனித்துப் பிரித்தார். 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியபின், தோட்டங்களுக்கு வந்தோர் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டே அனுப்பப்பட்டனர். மலைநாட்டுத் தமிழரின் குடும்பக் கதைகளில் மண்டபம் இன்றும் ஒரு கசப்பான பெயர்.

திருப்பம் 1971இல் வந்தது. வங்கதேசப் போரின் அகதிகள் நிறைந்த பொங்கான் முகாமில் நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குவளைகளில் பருகக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. குளுக்கோசு உடன் சென்றால் நோயுற்ற குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்சும். மருந்தின் மருமம் அவ்வளவே. ஓஷானசியின் கண்டுபிடிப்பிலிருந்து இந்தக் குவளைக்கு வந்துசேர ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

1990களில் செய்தி சேகரிக்க மடுவிலிருந்த அகதி முகாமுக்குச் சென்றேன். மரநிழலில் ஒரு தாய், கண்கள் குழிவிழுந்த தன் மகனுக்கு ‘ஜீவனி’ கரைத்த நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தாள். ‘சத்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்பக் குடுக்கச் சொன்னவை ஐயா’ என்றாள். மறுநாள் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அன்று நான் எழுதிய செய்தியில் அவனுக்கு ஒரு வரிகூட இடமில்லை. பிழைத்த பிள்ளை செய்தியாவதில்லை.

இன்று குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு, 1973இல் மெல்போர்னில் கண்டறியப்பட்ட றோட்டா வைரசு முக்கிய காரணங்களுள் ஒன்று. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. எனினும், உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 4,40,000 பேர் வயிற்றோட்ட நோய்களால் இறக்கின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மன்னார்த் தீவின் மணலிலே நன்னீர் ஆழமற்றுக் கிடக்கின்றது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைந்தால், மாரி வெள்ளம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

ஆகவே பழைய கதையோடு ஒரு குறிப்பையும் எழுதி வைக்கிறேன். பொதி கிடைக்காத வேளையில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சீனியும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வடக்குப் பாதையில் பிள்ளையைத் தூக்கி நடந்த தாய்மாருக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.