வாசிக்க ஆளில்லாத கட்டுரை

சென்னையிலிருந்து நெல்லூர் போகும் பெருவழியில், காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குச் சாலை பிரியும் இடம் நாயுடுபேட்டை. சுவர்ணமுகி ஆற்றை ஒட்டிய இந்த ஊர் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமாகும் வரை இது சென்னை மாகாணத்தின் ஊர். ஒரு பிள்ளை எப்படி எழுதக் கற்க வேண்டும் என்று சென்னையின் அலுவலகங்கள் எடுத்த முடிவு, காஞ்சிபுரத்துக் குழந்தையைப் போலவே நாயுடுபேட்டைக் குழந்தையையும் கட்டுப்படுத்தியது. அதனால் இந்தப் பகுதியின் பள்ளி வரலாறு தமிழருக்கு அயலார் கதை ஆகாது. இருநூறு ஆண்டுகளில் இங்கே பள்ளிகள் பெருகின, பிள்ளைகள் பெருகினார்கள், எழுத்தறிவு பெருகியது. ஆனால் எழுத்துப் பயிற்சியிலிருந்து ஒன்று மட்டும் மெல்ல நீங்கிவிட்டது: எழுதியதைத் தேவைக்காகப் படிக்கும் ஒரு மனிதர். மாணவர்களுக்கு எழுத வரவில்லை என்று இன்று நாம் வருந்துவதற்கு மொழிப்பற்றுக் குறைவையும் கைப்பேசியையும் காரணமாகச் சொல்கிறோம். அவற்றைவிட மூத்த காரணம் இந்த நீக்கம் என்பதே என் வாதம்.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன; படித்தவர்கள் 1,88,650 பேர். தமிழில் நாம் திண்ணைப் பள்ளி என்பதும், தெலுங்குச் சீமையில் வீதிப் பள்ளி என்று பொருள்படும் பெயரில் வழங்கியதும் இவைதாம். மாவட்டக் கலெக்டர்கள் அனுப்பிய பதில்களில் மிக விரிவானது, பெல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது. அவர் தெலுங்கு இலக்கணம் எழுதியவர்; எனவே மொழி தெரிந்த கண்ணோடு பள்ளியைப் பார்த்தார். காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாமவனுக்கு ஒரு சுழியம். அதற்குப் பின் வருகிறவர்களுக்கு வரிசைப்படி அடி. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதித்தான் எழுத்து தொடங்கும். அதில் கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும், அல்லது பலகையும் வரும். படிப்பின் மேல்படியில் என்ன நடந்தது என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியமானது. ஆசிரியர் ஊரில் பல இடங்களிலிருந்து திரட்டி வைத்திருக்கும் உண்மையான கடிதங்களையும் ஆவணங்களையும் பிள்ளைகள் வாசித்துப் பழகினார்கள். வெவ்வேறு கையெழுத்துகளைப் பிரித்துப் படிப்பது, கடிதம் எழுதுவது, ஒப்பந்தம் வரைவது ஆகியவை பாடத்தின் பகுதி. யாரோ ஒருவர் யாருக்கோ ஒரு காரியமாக எழுதிய தாள்தான் அங்கே பாடநூல்.

இந்தப் பள்ளிகளின் மணலும், மூத்த பிள்ளையே இளையவர்களுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் கடல் கடந்தன. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் பரவியது. எழுதும் செலவைக் குறைப்பதும், ஓர் ஆசிரியரைக் கொண்டு நூறு பேருக்குக் கற்பிப்பதும் பெல்லுக்குப் பயன்பட்டன. கடிதக் கட்டு அவர் கண்ணில் படவில்லை. மலிவான பகுதி கப்பலேறியது, மதிப்பான பகுதி திண்ணையிலேயே நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குகிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. மன்றோவின் கணக்கிலேயே பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான்; நூற்றுக்கு மூவர்கூட இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. தெலுங்கு மாவட்டங்களில் பிராமணப் பிள்ளைகளின் பங்கு தமிழ் மாவட்டங்களைவிடக் கூடுதலாக இருந்தது. அடி இருந்தது. பொருள் தெரியாத மனப்பாடமும் இருந்தது. பிள்ளைகள் நூற்றுக்கணக்கான செய்யுள்களை அர்த்தம் அறியாமல் ஒப்பிக்கிறார்கள் என்று கேம்பெல்லே குறைப்படுகிறார். கடிதப் பயிற்சியும்கூடக் கணக்குப்பிள்ளைகளையும் எழுத்தர்களையும் உருவாக்குவதற்காகத்தான் இருந்தது, சிந்தனைக்காக அல்ல என்றும் சொல்லலாம். இவை அனைத்தும் யாருக்குக் கற்பித்தார்கள், எதற்காகக் கற்பித்தார்கள் என்பதைப் பற்றிய குற்றங்கள். அவை கடுமையானவை, அந்தப் பள்ளிகள் மறைந்ததற்கு வருந்தத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் எப்படிக் கற்பித்தார்கள் என்பதில் இருந்த ஒரு நல்ல கூறு, கதவு எல்லோருக்கும் திறந்த காலத்தில் அல்லவா தொடர்ந்திருக்க வேண்டும்? கதவு திறந்தபோதே அதுவும் வெளியேறியது. புதிதாகப் பள்ளிக்குள் வந்த பிள்ளைகள்தான் அதன் இழப்பைச் சுமந்தார்கள். வீட்டில் கடிதமும் பத்திரமும் புழங்காத குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றைக் காட்டப் பள்ளியைத் தவிர வேறு இடமில்லை.

வெளியேறியது எப்படி என்பதற்கு ஆவணங்கள் உண்டு. 1854-இன் கல்வி அறிக்கைக்குப் பின் மானியம் வந்தது. 1860-களில் சென்னை மாகாணம் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற விதியைக் கொண்டுவந்து, திண்ணைப் பள்ளிகளையும் அதற்குள் இழுத்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் எண்ணிக்கைப்படி ஆசிரியருக்குப் பணம். ஒரே நாளில் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டிய ஒருவர் எழுத்தை எப்படிச் சோதிக்க முடியும்? பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல். இரண்டையும் சில நிமிடங்களில் சரி, தவறு என்று பிரித்துவிடலாம். கடிதத்தை அப்படிப் பிரிக்க முடியாது. அது போய்ச் சேர வேண்டியவருக்குப் புரிந்ததா என்பதுதான் அதன் சோதனை. மானியத்தை நம்பி வாழ்ந்த ஆசிரியர் கடிதக் கட்டை மூட்டை கட்டி வைத்தது அவர் குற்றம் அல்ல.

அடுத்த அடி ஐம்பது ஆண்டுகள் கழித்து விழுந்தது. அது தெலுங்கு நாட்டில் வெளிப்படையான போராகவே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தாய்மொழியில் கட்டுரை எழுதுவதைத் தேர்வின் பகுதியாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் எந்தத் தெலுங்கில் எழுதுவது? பழைய காவியங்களின் இலக்கணத்துக்கு உட்பட்ட நடையிலா, படித்தவர்கள் பேசும் நடையிலா? வடக்கு மாவட்டங்களுக்குப் பள்ளி இன்ஸ்பெக்டராக வந்த ஜே. ஏ. யேட்ஸ், தான் தெருவில் கேட்கும் தெலுங்குக்கும் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் தெலுங்குக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டார். விசாகப்பட்டினத்தில் கல்லூரி முதல்வராக இருந்த பி. டி. சீனிவாச ஐயங்கார் அவரோடு சேர்ந்துகொண்டார். பின்னாளில் தமிழர் வரலாற்றை எழுதியவராக நமக்குத் தெரிந்தவர் அவர்தான். பர்லாகிமிடியில் ஆசிரியராக இருந்த கிடுகு ராமமூர்த்தியும் விஜயநகரத்து எழுத்தாளர் குரஜாடா அப்பாராவும் இந்தக் கேள்வியை இயக்கமாக்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் ஜெயந்தி ராமய்ய பந்துலு முதலானோர் 1911-இல் ஆந்திர சாகித்ய பரிஷத்தை நிறுவினார்கள். பல்கலைக்கழகம் அமைத்த துணைக்குழு பழைய நடையின் பக்கம் சாய்ந்தது. அதை ஏற்காமல் குரஜாடா 1914-இல் எழுதிய நீண்ட மறுப்புக் குறிப்பு இன்றும் படிக்கத் தகுந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். தேர்வறையில் பழைய நடையே வென்றது.

பண்டிதர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. பேச்சுத் தெலுங்கு கடற்கரை மாவட்டத்தில் ஒன்று, கடப்பையில் ஒன்று, நெல்லூரில் ஒன்று. எதை அளவாகக் கொண்டு திருத்துவது? ஆளுக்கொரு வழக்கில் எழுதினால் இலக்கியத் தொடர்ச்சி அறுந்துபோகாதா? தமிழ்நாட்டிலும் இதே கேள்விகள் இன்றுவரை எழுகின்றன. கிடுகு அளித்த பதில் சான்றுகளால் ஆனது. பழைய நடைக்காக வாதாடியவர்களின் உரைநடையையே எடுத்து, அவர்களே விதித்த இலக்கணப்படி அதில் எத்தனை பிழைகள் என்று காட்டினார். பேரறிஞருக்கே பிழையின்றி எழுத வராத நடையைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பொதுவான எழுத்து நடை ஒன்று ஏற்கெனவே இருந்ததற்கும் சான்று உண்டு. சி. பி. பிரவுன் 1852-இல் பதிப்பித்த தெலுங்கு வாசக நூலில் நிறைந்திருப்பவை சொந்தக் கடிதங்கள், வியாபாரக் கடிதங்கள், காவல்துறை, வருவாய்த்துறைத் தாள்கள். சாதாரண மக்கள் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு எழுதி, புரிந்துகொண்டு, காரியம் நடத்திய தெலுங்கு அது. அளவு இல்லை என்ற அச்சம் அந்தத் தாள்களைப் பார்த்தால் தீர்ந்திருக்கும். கிடுகு இன்னொன்றும் செய்தார்: எழுத்தே இல்லாத சவரப் பழங்குடி மொழியைக் கற்று, சவரப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பள்ளி நடத்தினார். நடை பற்றிய சண்டை அவருக்கு இலக்கியச் சண்டையாக இருக்கவில்லை. எழுதுகிற பிள்ளையின் உரிமையைப் பற்றியதாக இருந்தது. இன்று அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 29 தெலுங்கு மொழி நாள். தெலுங்கு நாளிதழ்களும் பாடநூல்களும் அவர் கேட்ட நடையில்தான் வருகின்றன.

ஆனாலும் நடையை வென்றது பாதி வெற்றிதான். கட்டுரையின் மொழி மாறியது, அதைப் படிப்பவர் மாறவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகமும், நண்பனுக்குக் கடிதம் என்ற வினாவும், தாளின் கீழே பெட்டி போட்டு எழுதும் உறைமேல் முகவரியும் தமிழ்ப் பள்ளிகளில் படித்த எவருக்கும் தெரியும். அந்தக் கடிதம் எந்த நண்பனுக்கும் போவதில்லை. முகம் தெரியாத ஒருவர் அதைத் திருத்தி மதிப்பெண் போடுகிறார். அவருக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பழகிய தலைமுறைகள் கலெக்டர் அலுவலகத்துக்குக் குறை சொல்லப் போகும் நாளில், வாசலில் காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவரிடம் போய் நிற்கிறார்கள். எழுதத் தெரியாமல் அல்ல. தன் குறையைத் தானே இன்னொருவருக்கு எழுதிப் புரியவைக்க முடியும் என்ற நம்பிக்கையைப் பள்ளி தரவில்லை.

அந்த நம்பிக்கையை மாணவர்கள் பள்ளிக்கு வெளியே தாங்களே தேடிக்கொண்டார்கள் என்பதற்குக் கையெழுத்துப் பத்திரிகைகள் சாட்சி. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ் ஊர்களில் அவை ஏராளம். ஒரே ஒரு பிரதி, தைத்த தாள்கள், வண்ண மையில் அட்டை, கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் படிப்பார்கள். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்தினார். அதன் தொடர்ச்சியாக 1942-இல் ‘முரசொலி’ பிறந்தது. இதே காரியத்தைப் பிரான்சில் செலஸ்டின் பிரெனே என்ற கிராமப் பள்ளி ஆசிரியர் வகுப்புக்குள்ளேயே செய்தார். 1920-களில் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, பிள்ளைகள் எழுதியதை அவர்களே கோத்து அச்சிட்டு, தொலைவிலுள்ள இன்னொரு பள்ளிக்கு அனுப்பவைத்தார். அங்கிருந்து பதில் வந்தது. பதில் வரும் என்று தெரிந்தால் பிள்ளை தன் எழுத்துப்பிழையைத் தானே தேடுகிறது. பொதுவில் எழுதவிட்டால் பிழை மலியும் என்று அஞ்சுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவரை மையமாகக் கொண்ட முறைகள் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் வளர்ந்த அட்டை வழிக் கற்றல்தான், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்பு தமிழ்நாடு முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு மூலம். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரின் அடியில் தனக்கென்று ஒரு கரும்பலகைத் துண்டு கிடைத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது. இவை நல்ல அடிகள். ஆனால் மாநிலத்துக்கு ஓர் இதழில் எத்தனை பிள்ளைகளின் எழுத்து இடம்பெற முடியும்? வகுப்புக்கு ஓர் இதழ் வேண்டும். ஒரு வகுப்பில் ஐம்பது பேர், பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை, இதில் பத்திரிகை நடத்துவதா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்கள் சுமை உண்மையானது. ஆனால் ஐம்பது ஒரே மாதிரியான கட்டுரைகளை ஒருவர் திருத்துவதைவிட, ஐம்பது பேர் ஒருவருக்கொருவர் எழுதியதைப் படித்துப் பதில் எழுதுவது ஆசிரியரின் வேலையைக் குறைக்கும். மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் திண்ணையில் இருந்ததுதானே.

நாயுடுபேட்டையிலும் எல்லைக்கு இப்பால் கும்மிடிப்பூண்டியிலும் பாடம் நடத்தும் மொழி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையைத் தேர்வுக் கட்டுரையிலிருந்து விடுவியுங்கள். ஊரில் தண்ணீர் வராத தெருவைப் பற்றி நகராட்சிக்கு ஒரு மனு, வெளியூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு ஒரு கடிதம், பக்கத்து வகுப்பு படிக்க ஒரு கையெழுத்து இதழ் என்று எதுவாகவும் இருக்கட்டும். எழுதியதை உண்மையாகவே அனுப்புங்கள், வரும் பதிலை வகுப்பில் உரக்கப் படியுங்கள்.