ஆனைக்கோட்டை முத்திரை

யாழ்ப்பாண நகரை அண்டிய ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் எலும்புக்கூட்டுடன் கிடைத்த சிறு முத்திரை. பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் 1980–81இல் இதைக் கண்டெடுத்தனர். மோதிரத்தில் பதித்திருந்ததாகக் கருதப்படுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கின்றனர்.

முத்திரையில் இரண்டு வரிகள் உள்ளன. கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகள். வலமிருந்து இடமாகப் படித்தால் ‘கோவேத’. மேல்வரியில் மூன்று குறியீடுகள். எழுத்துக்கு நேராகக் குறியீடு நிற்பதுதான் இச்சிறு பொருளின் பெருமதிப்பு. மேல்வரி சொல்வதையே கீழ்வரியும் சொல்கிறதோ என்ற கேள்வி அங்கிருந்தே எழுகிறது. ‘கோ’ அரசனைக் குறிக்கும். ‘வேத’ என்பதை வேந்தன் என்ற சொல்லோடு இணைப்போர் பலர். தொல்லியலாளர் பொன்னம்பலம் இரகுபதி ‘கோவேந்தன்’, ‘கோவேதன்’ எனவும் படிக்க இடமுண்டு என்பார். ஆளின் பெயரா, பட்டமா என்பதில் இன்றுவரை உடன்பாடில்லை. மேல்வரியிலுள்ள திரிசூலம் போன்ற குறியை ‘அரசன்’ எனக் கொள்வது கவர்ச்சியான கருத்து. ஆனால் ஒரே ஒரு முத்திரையை வைத்து அதை முடிந்த முடிபாக்க முடியாது.

கிரீட் தீவின் மினோவர் எழுத்து இதற்கு நல்ல ஒப்பீடு. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘லீனியர் பி’ எழுத்தைப் படித்தபின், அதற்கு மூத்த ‘லீனியர் ஏ’ குறிகள் பலவற்றின் ஒலியை ஊகிக்க முடிந்தது, மொழிதான் பிடிபடவில்லை. ஆனைக்கோட்டையில் நிலைமை தலைகீழ்: மொழியை ஊகிக்கலாம், குறிகளின் ஒலி தெரியாது. ‘லீனியர் ஏ’ எழுத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொறிப்புகள் இருந்தும் விடை இல்லை. இங்கே இருப்பவை மூன்றே குறிகள்.

முத்திரையின் மேல்வரியில் உள்ளவை போன்ற குறிகளின் கீறல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் கறுப்பு-சிவப்பு மட்கல ஓடுகளில் ஏராளம். ஓட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சுடுமுன் கீறியதா சுட்டபின் கீறியதா என்பது புலப்படும். ஈரக் களிமண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இருகரையும் மெல்ல மேலெழும்பி வழுவழுப்பாக இருக்கும். சுட்டபின் கீறியதில் விளிம்பு பொரிந்து சொரசொரக்கும். முன்னதைக் குயவர் இட்டிருப்பார். பின்னது பெரும்பாலும் கலத்தை வைத்திருந்தவர் கைவேலை. இவற்றைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடும் முயற்சியைத் தொல்லியலாளர் பி. பி. லால் 1960இலேயே செய்தார்.

தென்னிலங்கையின் திஸ்ஸமகாராமையில் ஜெர்மன் அகழாய்வாளருக்குக் கிடைத்த எழுத்துப் பொறித்த தட்டு ஓடொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ‘திரளி முறி’, அதாவது அவையின் எழுத்து உடன்படிக்கை, எனப் படித்தார். ஆனைக்கோட்டையில் குறியீடுகள் மேலே தனிவரியாக நிற்கின்றன. திஸ்ஸமகாராமையிலோ இரண்டு குறியீடுகள் அதே வரியில், எழுத்துகளுக்கு நடுவிலேயே வருகின்றன.