திருமேனியில் படிந்த மண்ணும் சான்றே

குடமுழுக்கு நன்னாளை முன்னிட்டு ஆலயத்தைத் தூய்மை செய்தல் நம் முன்னோர் வகுத்த நெறி. மதில்கள் வெள்ளை பூசப்பெறும், திருமேனிகள் துலக்கப்பெறும். கம்பைநல்லூரில் இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள், அழுக்கு என்று நாம் தள்ளுவனவற்றையே ஆராய்ந்து ஆலயக் கலைகளுக்குத் தொண்டு புரிந்த ஓர் அறிஞரின் வரலாற்றையும் இவ்வேளையில் அறிதல் தகும்.

சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த செப்புத் திருமேனிகள் பலவற்றை ஒரு நோய் அரித்து வந்தது. மண்ணில் நெடுங்காலம் கிடந்த உலோகத்துள் உப்பின் கூறாகிய குளோரைடு ஊடுருவிவிடும். பின்னர் ஈரக் காற்றுப் பட்டவிடத்து வெளிர்பச்சைத் தூள் பூத்து, உலோகம் சிறிது சிறிதாக உதிரும். இதனைத் தீர்த்தற்பொருட்டு 1930-இல் அங்கு ஓர் இரசாயன ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன் ஆவார். காரநீரில் திருமேனியை அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உறைந்த உப்பினை வெளிப்படுத்தும் முறையை அவர் கையாண்டார். புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்தால் மேனி பளபளக்கும். ஆனால் நோயின் வேர் அறாது. நுண்ணிய வேலைப்பாடோ தேய்ந்து மறையும்.

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்தின் கீழே சோழர் காலத்து ஓவியம் ஒளிந்திருத்தலைக் கண்டு உலகறியச் செய்தார். அவ்வோவியம் வரையப்பெற்ற விதத்தைப் பரமசிவன் ஆராய்ந்தார். உதிர்ந்த சிறு சுண்ணத் துணுக்குகளே அவருக்கு ஏடுகளாயின. பூசிய சுண்ணம் ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டப்பெற்றது என்றும், சுண்ணம் காற்றோடு கூடி இறுகுங்கால் வண்ணத்தையும் தன்னுள் பிணித்துக்கொண்டது என்றும் அவர் தெளிந்தார். காஞ்சிக் கைலாசநாதர் கோயில், சித்தன்னவாசல் ஆகியவற்றின் ஓவியங்களையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். பெயர் பொறியாத பழந்தமிழ் ஓவியரின் கைத்திறம் இங்ஙனம் வெளிப்பட்டது.

துணுக்கினைக் கொண்டு உண்மையைத் துணிதல் நீதிமன்றத்திற்கும் உரிய கலையாகும். நஞ்சினைக் கண்டறிதற்பொருட்டு 1849-இலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தோன்றிற்று. அவ்வழி வளர்ந்ததே இன்றைய தடய அறிவியல். இவ்விரு நெறிகளும் ஒன்றுகூடிய இடம் பத்தூர் நடராசர் வழக்கு.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி ஆலயத்தின் அருகே, 1976-இல் மண் தோண்டிய தொழிலாளர் ஒருவருக்குத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் நடராசர் திருவுருவம் கடல் கடந்து சென்று, 1982-இல் இலண்டனில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டே காவல் துறையினர் அதனைக் கைப்பற்றினர். அதுவே பத்தூர்த் திருமேனி என்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? சிற்ப அமைதியும் சாட்சிகளின் கூற்றும் மட்டுமன்றி, உலோகமும், மேனியில் ஒட்டிய மண்ணும், கறையான் ஊர்ந்த தடமும் பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிடப்பெற்றன. 1988-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் ஆலயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனை உறுதி செய்தது. இடிந்த ஆலயமும் வழக்காடும் உரிமை உடையது என்று அயல்நாட்டு மன்றம் ஒப்புக்கொண்டமை வியத்தற்குரியது. அவ்வாண்டே கூத்தபிரான் தாயகம் மீண்டான்.

மண்ணும் கறையான் தடமும் யாரேனும் ஒருவர் ஆர்வத்தால் கழுவித் துடைத்திருப்பின், அச்சான்றுகள் அன்றே அழிந்திருக்கும். ஆதலின் அன்பர்களே, திருப்பணியின்போது சுவரில் பழைய வண்ணம் தென்பட்டால் சுண்ணாம்பு பூச விரையாதீர். மண்ணில் திருமேனி வெளிப்பட்டால் துலக்க முற்படாதீர். உரிய அரசு அலுவலர்க்கு அறிவித்து அறிஞர் வரும்வரை காத்திருமின். புதுப்பித்தல் அறம், பழமையைக் காத்துப் புதுப்பித்தல் அதனினும் சிறந்த அறம். அவ்வறம் எங்கும் தழைக்கத் திருவருள் துணை நிற்பதாக.